வீடு திருத்தி விற்றலும் திரை ஆசான்களும்

பழைய வீடு ஒன்றைக் குறைந்த விலைக்கு வாங்கி, அதனைச் செப்பனிட்டு, சில திங்களுக்குள் கூடிய விலைக்கு விற்றுவிடுவது ஒருவகை வாணிகம். இவ்வாணிகத்தில் புதிதாக இறங்குவோர்க்குக் கைதேர்ந்த ஒருவர் வழிகாட்டுவதையே கதையாக அமைத்துக் காட்டும் தொலைக்காட்சி நிகழ்ச்சிகள் இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் இருபது ஆண்டுகளுக்கு மேலாகப் பெருகி வந்துள்ளன. மலேசியாவிலும் அவற்றை விரும்பிப் பார்ப்போர் பலர். ஜொகூர் மாநிலத்தில் வாழ்வோர்க்கு அவை பொழுதுபோக்காக மட்டும் அமைவதில்லை. சிங்கப்பூரின் வாயிலில் அமைந்த ஜொகூர் பாருவிலும் அதனைச் சூழ்ந்த ஸ்கூடாய், மாசாய், உலு திராம், கூலாய் முதலிய ஊர்களிலும் வீட்டு விலையே அன்றாடப் பேச்சாக உள்ளது. கையில் சிறிது சேமிப்புள்ள இளைஞர் ஒருவர், திரையில் கண்டதைத் தம் தாமானில் செய்து பார்க்கலாம் என எண்ணுவது இயல்பே.

ஆதலின், அந்நிகழ்ச்சிகள் எதனைக் கற்பிக்கின்றன, எதனைக் கற்பியாது விடுகின்றன என்று ஆராய்தல் வேண்டும். கற்பித்தலைத் தொழிலாகக் கொண்ட தமிழாசிரியர்க்கு இவ்வாராய்ச்சி தொடர்பற்றதன்று. ஆசான் என்னும் பெயரோடு ஒருவர் மக்கள்முன் வரும்போது, அவரை அளந்து பார்க்கும் கடமை மற்ற ஆசிரியர்க்கும் உண்டு.

பெயரும் பொருளும்

இவ்வாணிகத்தை ஆங்கிலத்தில் 'ஃபிளிப்பிங்' என்பர். ஒன்றைச் சட்டென மறுபக்கம் திருப்பிப் போடுதல் என்பது அச்சொல்லின் பொருள். கல்லில் கிடக்கும் தோசையைத் திருப்பிப் போடுவது போல, வாங்கிய சூடு ஆறுமுன் மறுகைக்கு மாற்றுவதால் இப்பெயர் வந்தது எனலாம். இதற்கு நேராகத் தமிழில் 'புரட்டல்' என்று கூற முற்பட்டால் ஓர் இடர் உண்டு. ஏட்டைப் புரட்டுகிறோம், அவசரத்துக்குப் பணம் புரட்டுகிறோம், இவ்விடங்களில் அச்சொல் தீது உடையதன்று. ஆனால் 'புரட்டு' என்று பெயராகி நிற்கும்போது அது வஞ்சனையைக் குறித்துவிடுகிறது. 'வீடு புரட்டல்' என்பது நேர்மையாக இத்தொழில் செய்வாரையும் முன்கூட்டியே குற்றவாளியாக்கும்.

'வீடு திருத்தி விற்றல்' என்பது பொருத்தமான தொடர். உழவர் நிலத்தைத் திருத்துவர். ஆசிரியர் பிழையைத் திருத்துவர். திருத்தம் என்ற சொல்லில் உழைப்பும் உண்டு. முன்னிருந்ததைக் காட்டிலும் நன்றாக்குதல் என்ற கருத்தும் உண்டு. கூரை ஒழுகி, கதவு கரையான் அரித்துக் கிடந்த வீட்டைக் குடியிருக்கத் தக்கதாக்கி விற்பவர் ஊருக்கு நன்மையே செய்கிறார். ஒரு செங்கல்லும் மாற்றாமல், விலை ஏறட்டும் எனப் பூட்டி வைத்திருந்து கைமாற்றுபவர் செய்வதோ வேறு. அதனை ஊக வாணிகம் என்று பிரித்துச் சொல்வதே முறை. இவ்வேற்றுமையை மனத்திற்கொண்டு பார்த்தாலன்றித் திரையில் காண்பதன் மதிப்பு விளங்காது.

இந்நிகழ்ச்சிகளை 'ரியாலிட்டி' நிகழ்ச்சிகள் என வழங்குகின்றனர். உண்மை மனிதர், உண்மை வீடு, உண்மைப் பணம் ஆகியவை இருப்பதால் இப்பெயர். எனினும் பல திங்களாக நடந்ததை ஒரு மணிக்குள் சுருக்கும்போது, எதை வைப்பது எதை நீக்குவது என்பதை நடத்துவோரே முடிவு செய்கின்றனர். மெய்யான துண்டுகளைக் கொண்டு தைத்த சட்டை அது. அளவும் வெட்டும் தையற்காரருடையவை.

திரையில் நடப்பது

இவ்வகையில் பெயர்பெற்ற நிகழ்ச்சிகளுள் ஒன்று, இங்கிலாந்தின் நான்காம் அலைவரிசையில் 2001-ஆம் ஆண்டு தொடங்கிய 'பிராப்பர்ட்டி லேடர்' என்பது. 'சொத்து ஏணி' எனத் தமிழாக்கலாம். சாரா பீனி என்னும் அம்மையார் இதனை நடத்தினார். முதன்முறையாக இத்தொழிலில் இறங்குவோரின் திட்டத்தையும் செலவுக் கணக்கையும் அவர் பார்வையிடுவார். தம் விருப்பத்துக்கு அலங்கரிப்பதை விட்டு, வாங்க வருவோரின் தேவையை எண்ணிச் செய்யுமாறு அறிவுரை கூறுவார். புதியவர்களோ பெரும்பாலும் தலையசைத்துவிட்டுத் தம் மனம்போல் செய்வர். இறுதியில் வீட்டுத் தரகர் வந்து விலை மதிப்பிடுவர். 2003-ஆம் ஆண்டில் பி.பி.சி. தொடங்கிய 'ஹோம்ஸ் அண்டர் தி ஹேமர்', ஏலத்தில் எடுக்கப்பட்ட வீடுகளைப் பின்தொடர்ந்து காட்டியது.

அமெரிக்காவில் 2005-ஆம் ஆண்டில் 'ஃபிளிப் திஸ் ஹவுஸ்', 'ஃபிளிப் தட் ஹவுஸ்' என்ற இரண்டு நிகழ்ச்சிகள் ஏறத்தாழ ஒரே காலத்தில் தோன்றின. 2013-இல் தொடங்கிய 'ஃபிளிப் ஆர் ஃபிளாப்' கலிபோர்னியாவில் ஒரு தம்பதியர் வீடுகளை வாங்கித் திருத்தி விற்பதைக் காட்டிப் பெரும் புகழ் பெற்றது. அத்தம்பதியருள் ஒருவரான தாரெக் எல் மூசா, 2020-ஆம் ஆண்டில் 'ஃபிளிப்பிங் 101' என்ற நிகழ்ச்சியில் ஆசானாகத் தோன்றினார். அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் தொடக்கப் பாடத்துக்கு வழங்கும் எண் 101. ஆகவே 'அரிச்சுவடி' என்பதே அத்தலைப்பின் கருத்து. அதில் புதியவர்கள் தாம் வாங்கிய வீட்டைக் காட்டுவர். ஆசான் குறைகளைச் சுட்டி, எச்சுவரை இடிக்கலாம், எங்கே செலவைச் சுருக்கலாம் என வழிகாட்டுவார்.

பழந்தமிழ் உரையாசிரியர் நாடகத்துக்கு முகம், பிரதிமுகம், கருப்பம், விளைவு, துய்த்தல் என ஐந்து சந்திகள் கூறினர். இந்நிகழ்ச்சிகளிலும் ஐந்து நிலைகள் தவறாது வருகின்றன. வீடு வாங்குதல் முதல் நிலை. சுவரை உடைத்ததும் எதிர்பாராத பழுது வெளிப்படுதல் இரண்டாவது. பணமும் காலமும் கைமீறிப் போதல் மூன்றாவது. ஆசானின் அறிவுரையால் வேலை நேராதல் நான்காவது. புதுப்பொலிவோடு வீட்டைக் காட்டி, ஆதாயத் தொகையைத் திரையில் எழுதுதல் ஐந்தாவது. துய்த்தல் என்னும் அவ்விறுதி நிலைக்காகவே பார்வையாளர் காத்திருக்கின்றனர். அத்தொகை எவ்வாறு பெறப்பட்டது என்பதே இங்கு ஆராயத் தக்கது.

ஏணியும் பாம்பும்

'பிராப்பர்ட்டி லேடர்' நிகழ்ச்சியைத் தொடர்ந்து பார்த்தோர் ஒரு வியப்பைக் கண்டனர். அறிவுரையைக் கேட்டவர் ஆதாயம் பெற்றனர். கேளாதவரும் பலகால் ஆதாயம் பெற்றனர். காரணம் எளிது. 2001 முதல் 2007 வரை இங்கிலாந்தில் வீட்டு விலை பொதுவாக ஏறிக்கொண்டே இருந்தது. புதியவர் சமையலறைக்குத் தவறான ஓடு பதித்தாலும், அவர் உறங்கிய நேரத்திலும் வீட்டின் விலை உயர்ந்தது. படித்தவனும் படியாதவனும் தேர்ச்சி பெறும் தேர்வினால் பாடத்தின் தரத்தையோ ஆசிரியர் திறத்தையோ அறிய இயலாது என்பதை ஆசிரியர் அறிவர்.

2008-ஆம் ஆண்டில் விலை சரிந்தது. 2009-இல் அந்நிகழ்ச்சியே 'பிராப்பர்ட்டி ஸ்நேக்ஸ் அண்ட் லேடர்ஸ்' என்று பெயர் மாற்றிக்கொண்டது. நம்மவர் பரமபதம் என்று ஆடும் ஆட்டத்தின் ஆங்கிலப் பெயர் அது. அதுவரை ஏணியை மட்டும் காட்டிய தலைப்பில் அப்போதுதான் பாம்பும் ஏறியது. பாம்பு அட்டையில் முன்னரும் இருந்ததே. விலையேற்றம் அதனை மறைத்திருந்தது.

அமெரிக்காவிலும் அதுவே நிகழ்ந்தது. வீட்டு விலை 2006-ஆம் ஆண்டளவில் உச்சத்தைத் தொட்டு இறங்கியது. 2008 செப்டம்பரில் லேமன் பிரதர்ஸ் என்னும் பெரிய நிதி நிறுவனம் வீழ்ந்தது. கடன் கட்டமுடியாத குடும்பங்களின் வீடுகளை வங்கிகள் கைப்பற்றின. அத்தகைய வீடுகளை மலிவாக வாங்கித் திருத்துவது பிற்காலத்து நிகழ்ச்சிகளுக்குக் கதைக்கருவாயிற்று.

ஆசானுக்கு இலக்கணம்

பதின்மூன்றாம் நூற்றாண்டில் பவணந்தி முனிவர் இயற்றிய நன்னூலின் பொதுப்பாயிரம் ஆசிரியரின் இலக்கணத்தை வகுத்துள்ளது. நல்லாசிரியர்க்கு நிலம், மலை, நிறைகோல், மலர் ஆகிய நான்கும் அங்கு உவமையாகின்றன. திரை ஆசான்களை அளப்பதற்கு இவற்றுள் நிறைகோல் ஒன்றே போதும். நிறைகோல் என்பது தராசு. ஐயம் தோன்றியபோது உண்மை எடையைக் காட்டுவது அது. ஒரு பக்கம் சாயாமல் நடுநிற்பதும் அதன் இயல்பு.

வீட்டுத் தொழிலில் ஒரு தட்டில் ஆதாயமும் மறுதட்டில் இழப்பும் உள்ளன. திரை ஆசான் இரண்டையும் அறிந்தவர். பல ஆண்டுப் பழக்கமும் உடையவர். அவர் கூறும் தனித்தனி அறிவுரைகள் பெரும்பாலும் சரியானவையே. நீர்க்குழாயும் மின்கம்பியும் பார்க்குமுன் வண்ணம் பூசாதே. அக்கம்பக்கத்து வீடுகள் என்ன விலைக்குப் போயின என்று பார்த்து வாங்கு. எதிர்பாராச் செலவுக்கு ஒரு பகுதியை ஒதுக்கி வை. இவற்றைப் பழிக்க யாரும் இலர். ஆனால் அவரை அங்கே நிறுத்தியிருப்பவர் மாணவர் அல்லர், நிகழ்ச்சியை விற்போர். இழப்பில் முடிந்த வீட்டைவிட ஆதாயத்தில் முடிந்த வீடே அவர்களுக்கு வேண்டும். மேலும், மாணவர் நட்டப்பட்டால் ஆசானுக்கு அதில் பங்கில்லை. தராசின் முள் சாயும் இடம் அதுவே.

சாய்வு திரைக்கு வெளியிலும் தொடர்ந்ததுண்டு. 2019-ஆம் ஆண்டில் அமெரிக்கக் கூட்டாட்சி வாணிக ஆணையமும் யூட்டா மாநிலத்து நுகர்வோர் துறையும் ஸூரிக்ஸ் என்ற நிறுவனத்தின்மேல் வழக்குத் தொடுத்தன. வீட்டு நிகழ்ச்சிகளில் தோன்றிய புகழாளர்களை விளம்பரத்தில் காட்டிக் கட்டணமில்லாக் கூட்டத்துக்கு மக்களை அழைத்து, அங்கே 1,997 டாலருக்கு மூன்று நாள் வகுப்பையும், அவ்வகுப்பில் பல்லாயிரம் டாலருக்கு மேல்நிலைப் பயிற்சியையும் விற்றனர் என்பது குற்றச்சாட்டு. 2022-இல் அந்நிறுவனம் 1 கோடியே 20 இலட்சம் டாலர் செலுத்தவும், அத்தகைய பயிற்சி விற்பனையை விட்டு விலகவும் இசைந்தபின் வழக்கு முடிந்தது. விடுதி மண்டபத்தில் கட்டணமின்றி நடக்கும் 'சொத்துச் செல்வம்' கூட்டங்களுக்கு மலேசியாவிலும் குறைவில்லை. முதல் நாள் கட்டணம் இல்லை என்றால் இரண்டாம் நாள் என்ன விற்கப்படும் என்று கேட்டறிந்து செல்வது நன்று.

ஜொகூர்க் கணக்கு

இனி, திரையில் எழுதப்படும் ஆதாயத் தொகையை ஜொகூர் மண்ணில் வைத்துப் பார்ப்போம். கீழ்வருவது ஓர் எடுத்துக்காட்டுக் கணக்கு. வரியும் தீர்வையும் சட்டப்படி உள்ளவை. மற்றவை எளிமைக்காகக் கொண்ட தொகைகள்.

ஜொகூர் பாருவின் புறநகர்த் தாமானில் ஒருவர் 4,00,000 வெள்ளிக்குப் பழைய வரிசை வீடு ஒன்றை வாங்குகிறார். 60,000 வெள்ளி செலவிட்டுத் திருத்துகிறார். பத்தாம் மாதத்தில் 5,40,000 வெள்ளிக்கு விற்கிறார். திரை இதனை 80,000 வெள்ளி ஆதாயம் என்று எழுதும்.

எழுதாமல் விட்டவை எவை? வாங்கும்போது உரிமை மாற்றப் பத்திரத்துக்கு முத்திரைத் தீர்வை உண்டு. முதல் 1,00,000 வெள்ளிக்கு நூற்றுக்கு 1. அடுத்த 4,00,000 வெள்ளிக்கு நூற்றுக்கு 2. ஆக 7,000 வெள்ளி. நூற்றுக்குத் தொண்ணூறு கடனாக 3,60,000 வெள்ளி பெற்றிருந்தால், கடன் பத்திரத்துக்கு நூற்றுக்கு அரை வீதம் 1,800 வெள்ளி. வாங்குதல், கடன், விற்றல் ஆகிய மூன்றுக்கும் வழக்கறிஞர் கட்டணம் 16,000 வெள்ளி எனக் கொள்வோம். நூற்றுக்கு 4 வட்டி எனின், பத்து மாத வட்டி 12,000 வெள்ளி. நிலவரி, மதிப்பீட்டு வரி, மின்சாரம், நீர் ஆகியவற்றுக்கு 1,000 வெள்ளி. பதிவுபெற்ற தரகருக்கு நூற்றுக்கு 3 வரை தரகு கொடுக்க நேரிடும்; அது 16,200 வெள்ளி. இவற்றைக் கூட்டினால் 54,000 வெள்ளி. திரையில் கண்ட 80,000 வெள்ளி, இப்போது 26,000 வெள்ளியாகிவிட்டது.

அடுத்து வருவது அரசின் வரி. நிலத்தை விரைவாகக் கைமாற்றி ஆதாயம் பெறுவதைக் கட்டுப்படுத்த மலேசியா 1974-இலேயே நில ஊக வாணிக வரிச் சட்டம் கொண்டுவந்தது. அதன் இடத்தில் 1976-ஆம் ஆண்டின் நிலச்சொத்து ஆதாய வரிச் சட்டம் வந்தது. 2007 ஏப்ரல் முதல் 2009 இறுதிவரை அவ்வரி நிறுத்தி வைக்கப்பட்டு, 2010-இல் மீண்டது, 2014-இல் கடுமையாயிற்று. வாங்கிய மூன்று ஆண்டுகளுக்குள் விற்கும் குடிமகனுக்கு ஆதாயத்தில் நூற்றுக்கு 30; நான்காம் ஆண்டில் 20; ஐந்தாம் ஆண்டில் 15. 2022 முதல் ஆறாம் ஆண்டிலிருந்து குடிமகனுக்கு வரியில்லை. திருத்தச் செலவையும், வாங்கி விற்ற செலவுகளுள் சட்டம் ஏற்பவற்றையும் கழித்த பிறகே ஆதாயம் கணக்கிடப்படும். அதற்குச் சீட்டுகள் வேண்டும். சீட்டில்லாமல் கைக்காசாகக் கொடுத்த கூலி கழிவுக்கு வருவது கடினம். மேற்கண்ட வீட்டில், கடன்வட்டி முதலியன கழிவுக்கு வாராவெனக் கொண்டால், சட்டப்படியான ஆதாயம் ஏறத்தாழ 45,000 வெள்ளி. தனியாளுக்கு உரிய 10,000 வெள்ளி விலக்குப் போக, 35,000 வெள்ளிக்கு நூற்றுக்கு 30 வீதம் வரி 10,500 வெள்ளி.

எஞ்சுவது 15,500 வெள்ளி. பத்து மாத உழைப்புக்கு வகுத்தால் மாதம் 1,550 வெள்ளி. 2025 பிப்ரவரியில் மலேசியா நிறுவிய குறைந்த அளவு மாதச் சம்பளம் 1,700 வெள்ளி என்பதை இதனோடு ஒப்பிடுக. வைப்புத் தொகையும் திருத்தச் செலவுமாக ஓர் இலட்சம் வெள்ளிக்கு மேல் தம் கைப்பணத்தை ஆபத்தில் வைத்தவர் பெற்ற ஊதியம் அது. விற்பனை விலை நூற்றுக்கு ஐந்து குறைந்து 5,13,000 வெள்ளியாக அமைந்திருந்தால், ஆதாயம் முழுதும் மறைந்து கைப்பொருளும் சிறிது கரைந்திருக்கும்.

வாழ்நாளில் ஒருமுறை, ஒரு குடியிருப்பு வீட்டின் ஆதாயத்துக்கு இவ்வரியிலிருந்து முழுவிலக்குப் பெறச் சட்டம் இடந்தருகிறது. அதனை இச்சிறு ஆதாயத்துக்கே செலவழிப்பதா, பின்னாளில் குடும்ப வீட்டை விற்க நேரும்போது பயன்படுத்துவதா என்று எண்ண வேண்டும். மீண்டும் மீண்டும் வாங்கி விற்றால், அதனைத் தொழில் வருமானமாகக் கருதி 1967-ஆம் ஆண்டின் வருமான வரிச் சட்டத்தின்கீழ் வரி விதிக்கப்படுவதும் உண்டு.

காலத்தைப் பற்றியும் ஒரு சொல். குத்தகை நிலத்தில் அமைந்த வீடாயினும், பட்டாவில் கட்டுப்பாடு எழுதப்பட்ட வீடாயினும், உரிமை மாற்ற மாநில அதிகாரத்தின் இசைவு வேண்டும்; அதற்கு மாதங்கள் ஆகலாம். வீட்டின் பின்புறத்தை நீட்டிக் கட்ட ஜொகூர் பாரு, இஸ்கந்தர் புத்ரி, பாசிர் கூடாங் போன்ற மாநகர் மன்றங்களின் அனுமதி வேண்டும். மூன்றாவது வீட்டுக் கடன் பெறுவோர்க்கு 2010 நவம்பர் முதல் வீட்டு மதிப்பில் நூற்றுக்கு 70 வரைதான் கடன் என்று மத்திய வங்கி வரம்பிட்டது. கடனை முன்கூட்டி அடைத்தால் தண்டம் வாங்கும் வங்கிகளும் உண்டு. இவை ஒவ்வொன்றும் வட்டி ஓடும் நாட்களை நீட்டுபவை.

இனி, விலை ஏறியே தீரும் என்ற நம்பிக்கை. 2006-ஆம் ஆண்டில் இஸ்கந்தர் வளர்ச்சி வட்டாரம் தொடங்கியபின் ஜொகூரில் அடுக்குமாடிகள் வேகமாக எழுந்தன. கட்டிமுடியும்வரை வட்டியை வீடமைப்பு நிறுவனமே ஏற்கும் திட்டங்களால், கைப்பணம் இல்லாதாரும் வாங்கிக் கைமாற்ற எண்ணினர். அத்திட்டங்களை 2014-ஆம் ஆண்டு வரவுசெலவுத் திட்டம் தடை செய்தது. பின்னர்ச் சில ஆண்டுகள், கட்டி முடித்தும் விற்காமல் தேங்கிய வீடுகளின் எண்ணிக்கையில் ஜொகூர் நாட்டிலேயே முன்னின்றது. கடலைத் தூர்த்து, 7,00,000 பேர் வாழ்வதற்கெனத் திட்டமிட்ட ஃபாரஸ்ட் சிட்டியில் ஆளில்லா மாடிகள் நின்றதை உலகச் செய்தித்தாள்கள் எழுதின. 2025 ஜனவரியில் ஜொகூர்–சிங்கப்பூர் சிறப்புப் பொருளாதார வட்டார ஒப்பந்தம் கையெழுத்தானபின் நம்பிக்கை மீண்டும் துளிர்த்தது. நம்பிக்கை துளிர்க்கும் காலமே புதியவர் மிகுதியாக இறங்கும் காலமாதலின், அப்போதுதான் கணக்கு மிகவும் தேவைப்படும்.

ஏலத்துக்கு வரும் வீடு

மலிவான வீடு எங்கே கிடைக்கும் என்பதற்குத் திரை ஆசான்கள் தரும் விடைகளுள் ஒன்று ஏலம். மலேசியாவிலும் கடன் தவணை தவறிய வீடுகள் ஏலத்துக்கு வருகின்றன. ஒதுக்க விலையில் பொதுவாக நூற்றுக்குப் பத்தை வைப்புத் தொகையாகக் கட்டி ஏலம் கேட்கலாம். 1965-ஆம் ஆண்டின் தேசிய நிலச் சட்டப்படி நடக்கும் ஏலத்தில் மீதித் தொகையை 120 நாட்களுக்குள் செலுத்தாவிட்டால் வைப்புத் தொகை பறிபோகும். வீடு உள்ளது உள்ளபடியே விற்கப்படும். உள்ளே சென்று பார்க்கும் வாய்ப்புப் பெரும்பாலும் இல்லை. கோத்தா திங்கி, சிகாமட் போன்ற வெள்ளம் கண்ட ஊர்களில் சுவரின் நீர்க்கறையை வெளியிலிருந்து காண இயலாது.

அதனினும் பெரிது, உள்ளே குடியிருப்போர். வீடு காலியாகக் கிடைக்கும் என்ற உறுதியை ஏலம் தருவதில்லை. முன்னைய உரிமையாளரோ வாடகைக்கு இருப்பவரோ வெளியேற மறுத்தால், புதியவர் வழக்கு மன்றம் செல்ல வேண்டும். திரை நிகழ்ச்சியில் கதவு திறந்ததும் வெறும் அறைகள் தென்படும். சுவரில் பிள்ளையின் உயரம் குறித்த கோடுகளோ, பூசையறையின் புகைக்கறையோ காட்டப்படுவதில்லை. வேலையிழப்போ நோயோ வந்து தவணை தவறிய ஒரு குடும்பத்தின் கதை அங்கே முன்பே முடிந்திருக்கும். அவ்வீட்டை வாங்குவது குற்றமன்று. வாங்குவோர் இல்லாவிட்டால் அக்குடும்பத்தின் கடன் மேலும் வளரும். ஆயினும், தம் முதலீட்டின் மறுபுறம் ஒரு மனிதர் நிற்கிறார் என்பதை அறிந்து, அவரிடம் மரியாதையாகப் பேசி, வேறிடம் தேடக் காலம் கொடுத்து நடப்பது இத்தொழிலின் பாடங்களுள் ஒன்றாக வேண்டும். எந்நிகழ்ச்சியின் ஆசானும் அதனைப் பாடமாக நடத்துவது அரிது.

தோட்டத் துண்டாடல் தரும் நினைவு

வாங்கி விரைவில் விற்பதன் மறுபுறத்தை மலேசியத் தமிழர் திரையில் கண்டறிய வேண்டியதில்லை. 1950-களில், 1957-ஆம் ஆண்டு விடுதலைக்கு முன்னும் பின்னும், ஐரோப்பிய உரிமையாளர் பலர் தங்கள் ரப்பர்த் தோட்டங்களை விற்றனர். அவற்றை வாங்கிய சிலர், பயிரைப் பேணாமல் சிறு துண்டுகளாக்கிக் கூடிய விலைக்கு விற்றுச் சென்றனர். இதனையே தோட்டத் துண்டாடல் என்றனர். திருத்தம் ஏதுமின்றிக் கைமாற்றும் ஊக வாணிகம் எத்தகையது என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டா. துண்டு வாங்கியவர்க்குக் கூலியாட்கள் பலர் தேவையில்லை. ஆகவே பால்மரம் வெட்டியோர் வேலையோடு லயன் வீட்டையும் இழந்தனர். கோயிலும் பள்ளியும் ஆதரவற்று நின்றன. பேராசிரியர் உங்கு அப்துல் அஜீஸ் 1960-களின் தொடக்கத்தில் இத்துண்டாடலை ஆராய்ந்து விரிவான அறிக்கை அளித்தார்.

அதற்கு எழுந்த மறுமொழியே துன் வீ.தி. சம்பந்தன் 1960-இல் தொடங்கிய தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கம். தொழிலாளர் பத்துப் பத்து வெள்ளியாகக் கொடுத்துப் பங்கு சேர்த்துத் தோட்டங்களை வாங்கினர். அவர்கள் விற்பதற்காக வாங்கவில்லை. வேலையும் வீடும் நிலைப்பதற்காக வாங்கினர். இன்று ஜொகூரில் வீடு திருத்தி விற்கலாம் என எண்ணும் இளைஞர் நிற்கும் தாமான்கள் பல, முன்னாள் தோட்டங்களின்மேல் எழுந்தவை. அவர்தம் பாட்டனார் சிலர் விற்பனையின் மறுபுறத்தில் நின்றவர்கள். இந்நினைவு தொழிலைக் கைவிடச் சொல்வதன்று. கணக்கில் ஒரு பத்தியைக் கூட்டச் சொல்வது. அப்பத்தியின் தலைப்பு, 'இவ்விற்பனையால் யார் இடம் பெயர்கிறார்?' என்பதே.

வகுப்பறையில் செய்யத்தக்கது

இந்நிகழ்ச்சிகளைப் பார்க்காதே என்று மாணவரைத் தடுப்பதால் பயனில்லை. நன்னூல் மாணாக்கரைப் பற்றியும் பேசுகிறது. பாலையும் நீரையும் பிரிக்கும் அன்னத்தைத் தலைமாணாக்கருக்கும், நெய்யை ஒழுகவிட்டுக் கசடைத் தன்னிடம் வைத்துக்கொள்ளும் நெய்யரியைக் கடைமாணாக்கருக்கும் அது உவமை கூறுகிறது. ஒரே நிகழ்ச்சியைப் பார்த்த இருவருள் ஒருவர் நீர்க்குழாயைச் சோதிக்கும் முறையைக் கற்பார். மற்றவர் ஆதாயத் தொகையை மட்டும் நினைவில் வைப்பார். முன்னவர் வழியைப் பயிற்றுவது ஆசிரியர் கையில் உள்ளது.

மேனிலை வகுப்பில் ஒரு நிகழ்ச்சியைக் காட்டி, மாணவரை மூன்று பத்தியுள்ள தாளை நிரப்பச் செய்யலாம். முதற் பத்தியில் திரை கூறிய தொகைகள். இரண்டாம் பத்தியில் கூறாது விட்ட செலவுகள். மூன்றாம் பத்தியில் கேட்கப்படவேண்டிய வினாக்கள். கணக்கு ஆசிரியர் வட்டியையும் வரியையும் கணக்கிடச் செய்யலாம். தமிழாசிரியர், அவ்வீட்டை இழந்தவர் எழுதுவதுபோல் ஒரு கடிதம் எழுதச் செய்யலாம். முத்திரைத் தீர்வை, ஒதுக்க விலை, வைப்புத் தொகை, நிலவரி போன்ற சொற்களைத் தமிழில் அறிந்த மாணவர், பின்னாளில் வங்கியிலும் நில அலுவலகத்திலும் தம் பெற்றோர்க்கு விளக்கிச் சொல்லவும் வல்லவராவர். திருக்குறளில் 'தெரிந்துசெயல்வகை' அதிகாரம் நடத்தும்போது இக்கணக்கு நல்ல எடுத்துக்காட்டாகும். அவ்வதிகாரத்தின் தொடக்கமே, ஒரு வினையில் அழிவது எவ்வளவு, ஆவது எவ்வளவு, இறுதியில் எஞ்சும் ஊதியம் எவ்வளவு என எண்ணிப் பார்க்கச் சொல்வது.

இத்தொழிலில் இறங்கியே தீருவேன் எனும் இளைஞர்க்கு மெய்யான ஆசான்கள் திரையில் தேடாமலே கிடைப்பர். கூரையும் குழாயும் பழுதுபார்க்கும் கட்டடக் குத்தகையாளரிடம் ஓராண்டு உடனிருந்தால், பார்த்த அளவில் ஒரு வீட்டின் நோயை அறியலாம். நில அலுவலகத்தில் பட்டாவைத் தேடிப் பார்க்கும் முறையை வழக்கறிஞர் அலுவலக எழுத்தர் கற்றுத் தருவார். தாமானில் கடந்த ஈராண்டில் எவ்வீடு என்ன விலைக்குக் கைமாறியது என்பதை ஒரு குறிப்பேட்டில் எழுதி வரலாம். முதல் வீட்டை விற்பதற்காக வாங்காமல், தாம் குடியிருப்பதற்காக வாங்கித் தம் கையால் திருத்திப் பார்ப்பது மிகவும் பாதுகாப்பான பயிற்சி. அதில் தவறு நேர்ந்தாலும் தலைக்குமேல் ஒரு கூரை எஞ்சும்; ஐந்தாண்டு கடந்து விற்க நேர்ந்தால் வரிச்சுமையும் இராது.